பன்னிரண்டு அறிக்கைகள்

அச்சகத்தில் அவளை எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிற வேலை. ஒற்று வர வேண்டிய இடத்தில் வராமல் விட்டுப்போயிருந்தால் அந்தப் பக்கம் மிஷினுக்குப் போகாது. முதலாளியே வந்து நின்று கெஞ்சினாலும் போகாது.

"ஒரே ஒரு புள்ளி. யாரு பாக்கப் போறாங்க?" என்பார் அவர்.

"நான் பாத்துட்டேனே" என்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையோடும் தங்கை மகளோடும் ஒரே வீட்டில் இருந்தாள். தங்கைக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. காலையில் போனால் நாலு மணிக்கு சோப்பு வாசனையோடு திரும்புவாள். மகளுக்கு வயது பதினாறு. பிறந்ததிலிருந்தே கை சும்மா இருக்காது, கால் ஓர் இடத்தில் நிற்காது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

அந்த வாலுதான் இரண்டு தோழிகளோடு சேர்ந்து, சாவியோடு நின்ற யாருடைய ஸ்கூட்டரையோ எடுத்துக்கொண்டு கிளம்பியது. மூன்றாவது தெருமுனையில், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் மேல் வண்டி மோதியது. அவருக்குக் கால் முறிந்தது. மூன்று பேரையும் சிறுமியர் சீர்திருத்த இல்லத்தில் பத்து மாதம் வைக்கச் சொல்லி உத்தரவானது. தங்கை கோர்ட் வாசலில் அழுதபோது ஒற்றக்காதான் அவளை அதட்டினாள். "அந்த மனுஷன் கால் போய்க் கிடக்கிறார். செஞ்சது தப்பு. இருந்துட்டு வரட்டும், புத்தி வரும்."

அந்த வார்த்தையைத் தான் சொன்னோம் என்பதைப் பிற்பாடு அவளால் மறக்க முடியவில்லை.

மாதம் ஒருமுறை பார்க்க விடுவார்கள். ஐந்தாவது மாதம் போனபோது பெண்ணின் இடது மணிக்கட்டில் பழைய துணி சுற்றியிருந்தது. "என்னடி இது?" என்று தங்கை கேட்டாள். பக்கத்தில் இல்லத்துப் பணியாளர் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "சும்மா சுளுக்கும்மா" என்றாள் பெண். இரண்டு பேரும் நம்பிவிட்டு பஸ் ஏறினார்கள்.

பத்து மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவளை வாலு என்று கூப்பிடவே வாய் வரவில்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு பாதிதான் திரும்பியது. தங்கை தன் ஆஸ்பத்திரியிலேயே காட்டினாள். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எலும்பு உடைஞ்சு, தானாவே கோணலா சேர்ந்திருக்கு. அன்னைக்கே கொண்டு வந்திருந்தா ஒரு மாவுக்கட்டோட போயிருக்கும்" என்றார்.

அன்றைக்கு நடந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. துவைக்கிற இடத்துப் படியில் பாசி. வழுக்கி விழுந்தாள். கை பூசணி மாதிரி வீங்கியது. சொன்னாள். துணி சுற்றினார்கள். மறுபடி சொன்னாள். நடிக்கிறாள் என்றார்கள். பத்தொன்பதாவது நாள்தான் ஒரு நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்தாள்.

"மேற்பார்வைக் குழு வந்தப்போ சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டாள் ஒற்றக்கா. அப்படி ஒரு குழு உண்டென்று அவளுக்குத் தெரியும். அந்த விதிப் புத்தகம் அவர்கள் அச்சகத்தில்தான் அச்சானது. அவள் கையால் பிழை பார்த்தது. ஐந்து பேர் கொண்ட குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இல்லத்துக்குப் போக வேண்டும், பிள்ளைகளிடம் தனியாகப் பேச வேண்டும், அறிக்கை கொடுக்க வேண்டும் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

பெண் விழித்தாள். "குழுவா? அப்படி யாரும் வரலையே பெரியம்மா. தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்ற ஆளு ரெண்டு தடவை வந்தாரு. அவ்வளவுதான்."

ஒற்றக்காவுக்கு மூக்கு வேர்த்தது.

அடுத்த வாரம் அவள் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதினாள். கடைசி மூன்று வருடத்து மேற்பார்வைக் குழு அறிக்கைகளின் நகல் வேண்டும், அரசாங்கத் தகவலைக் கேட்டுப் பெற எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு என்ற சட்டத்தின்படி கேட்கிறேன், என்று நாலே வரி. தங்கை மகள் பற்றி ஒரு சொல் இல்லை. கையெழுத்துப் போடுமுன் தங்கை பார்த்துவிட்டாள்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா? பக்கத்து வீட்டுல மாமா வீட்டுக்குப் படிக்கப் போயிருந்தான்னு சொல்லி வச்சிருக்கேன். இப்பதான் ஏதோ மூச்சு விடறோம். நீ போய் ஊரைக் கூட்டுனா நாளைக்கு அவளை எவன் வேலைக்கு வைப்பான்?"

"இவ பேரையே நான் எழுதலடி."

"கேக்கறது யாருன்னு பாப்பாங்கல்ல? தோண்டுவாங்கல்ல? எல்லாம் முடிஞ்சு போச்சு, விடு."

"முடிஞ்சது நமக்கு. உள்ளே இன்னும் பிள்ளைங்க இருக்கு."

"அவங்களுக்கும் அம்மா அப்பா இருக்காங்க!"

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பெண் வந்து நின்றாள். வந்த நாளிலிருந்து தானாக ஒரு பேச்சும் பேசாதவள். "நான் வரும்போது ஒரு சின்னப் பொண்ணு புதுசா வந்திருந்தா. பன்னெண்டு வயசு. என் பாயில தான் படுப்பா" என்றாள். பிறகு, "கேளுங்க பெரியம்மா. என் பேரு மட்டும் வேண்டாம்."

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒற்றக்கா கையெழுத்துப் போட்டாள்.

முதல் பதில் முப்பதாவது நாள் வந்தது. "கோரப்பட்ட தகவல் சிறார்களின் அந்தரங்கம் சார்ந்தது. எனவே வழங்க இயலாது." அவள் திருப்பி எழுதினாள்: பிள்ளைகளின் பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கொடுங்கள். இரண்டாவது பதில்: "கோப்புகள் தேடப்பட்டு வருகின்றன." மூன்றாவது பதில் வரவே இல்லை. முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டாள்.

"எங்க? கவர்மெண்டுக்கே புரூஃப் பாக்கப் போறியா?"

"ஆமா. நிறைய விட்டுப்போயிருக்கு."

துறை அலுவலகம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் வாசலில் ஓர் அலமாரியைத் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் படிதான். தகவல் அலுவலர் கெட்ட மனிதர் இல்லை. பிரச்சினையே வேண்டாம் என்று வாழ்கிற மனிதர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பேரப்பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருந்தன.

"கோப்பு மேல போயிருக்கும்மா."

"மேலன்னா எத்தனாவது மாடி சார்?"

"மாடி இல்லம்மா. மேலிடம்."

"எப்ப இறங்கும்?"

அவர் சிரித்துவிட்டார். உடனே சிரித்ததற்காக வருந்தியவர்போல முகத்தைச் சரிசெய்துகொண்டார். "நீங்க பத்திரிகையா?"

"அச்சகம்."

"அப்புறம் உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"விதிப் புத்தகத்துல நாற்பத்தோராம் பக்கம் நான் திருத்துனது சார். அதுல இருக்கறது நடக்குதான்னு பாக்கணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு காரணத்தை முப்பது வருட உத்தியோகத்தில் அவர் கேட்டதில்லை. குரலைத் தாழ்த்தி, "மேல்முறையீடு பண்ணுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார்.

பண்ணினாள். அதற்கு இரண்டு மாதம் போயிற்று. நடுவில் ஒரு தடவை மனு காணாமல் போயிற்று. பதிவுத்தபால் ரசீதை அவள் நீட்டியதும் தேடாமலேயே கிடைத்தது. கடைசியில் வந்த உத்தரவு பாதிக்கிணறுதான்: மனுதாரர் அறிக்கைகளை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் பார்வையிடலாம், நகல் கிடையாது, படம் எடுக்கக் கூடாது.

"ஒரு மணி நேரத்துல என்னத்தப் பாப்பே?" என்றார் முதலாளி.

"ஒரு மணி நேரத்துக்கு முப்பது பக்கம் பாக்கறவ நான்."

ஒரு சின்ன அறை. ஜன்னல் கதவு திறக்காமல் உப்பிப் போயிருந்தது. தகவல் அலுவலர் பன்னிரண்டு அறிக்கைகளை மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். குழுவினரின் பெயர்கள் வர வேண்டிய இடங்களில்கூடக் கறுப்பு மை பூசியிருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஒற்றக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் அறிக்கையில், பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு பேரிடமும் தனித்தனியே உரையாடினோம். யாருக்கும் உடல்நலக் குறைவு இல்லை. அடுத்த வரியில் அவள் விரல் பழக்கத்தில் நின்றது.

"கழிவறைகள் சத்தமாகவும் போதிய வெளிச்சத்துடனும் உள்ளன."

சுத்தத்தில் உகரம் விட்டுப்போய்ச் சத்தமாகிவிட்டது. அவள் வாழ்க்கையில் இப்படி ஆயிரம் பார்த்திருக்கிறாள். மெல்லச் சிரித்துக்கொண்டே இரண்டாவதை எடுத்தாள். மகிழ்ச்சி, சாப்பாடு, ஐம்பத்திரண்டு பேர். கழிவறைகள் சத்தமாகவும். சிரிப்பு போயிற்று. மூன்றாவது. சத்தமாகவும். நான்கு, ஐந்து, ஆறு. மூன்று வருடமும் அந்தக் கழிவறைகள் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. மூன்று வருடமும் ஐம்பத்திரண்டு பேர். ஒருத்தி கூடவில்லை, ஒருத்தி குறையவில்லை. மாறியிருந்தது தேதி மட்டும்.

பத்தாவது அறிக்கையின் தேதியைப் பார்த்தாள். பெண் படியில் விழுந்த ஏழாம் நாள். "யாருக்கும் உடல்நலக் குறைவு இல்லை" என்று எழுதி, கீழே ஐந்து கையெழுத்து.

அழுதால் நேரம் போய்விடும் என்று அடக்கிக்கொண்டாள். பன்னிரண்டு தேதிகளையும் ஒரு தாளில் குறித்தாள். "எழுதக் கூடாதுன்னு உத்தரவுல இல்லையே?" என்றாள். அவர் உத்தரவை எடுத்துப் படித்தார். இல்லை.

"சார், இதை நீங்க படிச்சிருக்கீங்களா?"

"வந்தா கோப்புல சேர்ப்போம்மா. படிக்கறது..." என்று இழுத்தார்.

"படிங்க. ஏழாவது வரி. எல்லாத்துலயும்."

அவர் படித்தார். நாலாவது அறிக்கையோடு நிறுத்திவிட்டு, தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பேரப்பிள்ளைகள் ஞாபகமோ என்னவோ, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரே மாதிரி டைப் பண்ணினாங்கன்னு சொல்லித் தப்பிச்சிருவாங்கம்மா. போகலைங்கறதுக்கு இது போதாது."

"இல்லத்து வாசல்ல வர்றவங்க கையெழுத்துப் போடற நோட்டு ஒண்ணு இருக்கு. நானே மாசாமாசம் போட்டிருக்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

அவர் காதில் விழாதவர்போல ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "வாசல் பதிவேடு வேணும்னு தனியா ஒரு மனு எழுதுங்க. இன்னைக்குத் தேதியிலேயே சீல் போட்டுத் தரேன்."

அதற்கும் முடியாது என்றார்கள். அதனால் அறிக்கை நகல், பதிவேடு இரண்டும் கேட்டு அவள் தகவல் ஆணையத்துக்குப் போனாள். விசாரணை நாள் குறித்துக் கடிதம் வந்தது. பதிவேட்டோடு இல்லத்தின் பொறுப்பாளர் நேரில் வர வேண்டும் என்று அதில் இருந்தது.

விசாரணை அன்று காலை தங்கை ஒற்றக்காவின் புடவையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தாள்.

விசாரணைக் கூடம் ஒரு வகுப்பறை அளவுதான். ஆணையர் வெட்டிய நரைமுடியோடு ஓர் அம்மாள். ஒரு பக்கம் துறையின் வக்கீல்; அவர் பின்னால் பதிவேட்டை மடியில் அணைத்தபடி இல்லத்துப் பொறுப்பாளர். மறுபக்கம் ஒற்றக்கா, ஒரு துணிப்பையோடு. பின் வரிசையில் தங்கள் முறைக்குக் காத்திருக்கிற பத்துப் பதினைந்து பேர்.

வக்கீல் நன்றாகத்தான் பேசினார். குழந்தைகள் தவறு செய்திருக்கலாம். அவர்களுக்கும் எதிர்காலம் உண்டு. அந்த இல்லத்தின் ஒரு தாள் வெளியே போனாலும் அவர்கள் வாழ்க்கை பாழாகிவிடும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.

ஆணையர் ஒற்றக்காவைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க?"

"அவர் சொன்னது அத்தனையும் சரிங்கம்மா. பிள்ளைங்க பேரு எனக்கு வேண்டாம். போய்ப் பார்த்தோம்னு கையெழுத்துப் போட்ட பெரியவங்க பேருதான் வேணும். அவங்களுக்கு எதுக்கு மறைப்பு?"

பின் வரிசையில் யாரோ 'ம்' என்றார்கள். வக்கீல் சட்டென்று எழுந்தார். "இதுல பொதுநலம் ஒண்ணும் இல்ல. இவங்க தங்கச்சி மகளே அங்க இருந்துட்டு வந்தவதான். பொறுப்பாளர் இவங்களை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. வண்டி திருடுன கேஸ். அந்தக் கோபத்துல..."

தங்கை பயந்தது நடந்துவிட்டது. அதுவும் இத்தனை பேர் நடுவில்.

ஆணையரின் பேனா மேஜையில் பட்டென்று விழுந்தது. "உட்காருங்க. ஒரு பிள்ளை இன்னாருன்னு இந்தக் கூடத்துல வெளியே சொன்னது இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான். இப்ப நீங்க சொன்னது குறிப்புல ஏறக் கூடாது. இங்கே இருக்கறவங்க யாரும் இதை வெளியே பேசக் கூடாது." பிறகு ஒற்றக்காவிடம், "நீங்க தொடரலாம். வேணும்னா கதவைச் சாத்தச் சொல்றேன்."

ஒற்றக்காவுக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. பாயில் பக்கத்தில் படுத்த பன்னிரண்டு வயதுப் பெண்ணை நினைத்தாள். "வேண்டாங்கம்மா, கதவு திறந்தே இருக்கட்டும்" என்றாள். "அந்த அறிக்கைகள்ல ஏழாவது வரியை மட்டும் வாய்விட்டுப் படிங்க."

ஆணையர் முதல் அறிக்கையைப் படித்தார். "கழிவறைகள் சத்தமாகவும்..." பின்னால் சிரிப்பு எழுந்தது. இரண்டாவதைப் படித்தார். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. ஐந்தாவதற்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் பன்னிரண்டையும் படித்து முடித்தார்.

"பதிவேடு."

பொறுப்பாளர் கொண்டுவந்து கொடுத்தார். ஒற்றக்கா தேதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆணையர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பால் வண்டி, மோட்டார் பழுது, பெற்றோர், மறுபடி பால் வண்டி. குழுவின் கையெழுத்து ஒரு தேதியிலும் இல்லை.

"பெரிய மனுஷங்க, அவங்ககிட்ட வாசல்ல கையெழுத்து வாங்கறதில்ல" என்று பூசி மெழுகப் பார்த்தார் வக்கீல். ஆணையர் அவரைப் பார்க்கவே இல்லை. பொறுப்பாளரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. வந்தாங்களா?"

பொறுப்பாளருக்கு ஐம்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "அறிக்கை டைப் பண்ணித் தபால்ல வரும். பெற்றுக்கொண்டோம்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்."

"நான் கேட்டது அது இல்ல."

"வரல" என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னார். "ஒரு தடவையும் வரல. டாக்டர் வேணும்னு நானும் நாலு கடிதம் போட்டேன். அதையும் யாரும் கேக்கல."

அவர்மேல் ஒற்றக்காவுக்கு இருந்த கோபம் அப்போதும் தணியவில்லை. கடிதம் போட்டவளுக்கு ஒரு பிள்ளையை ஆட்டோவில் ஏற்றத் தெரியாதா என்றுதான் தோன்றியது. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காகக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. பிள்ளைகளின் அடையாளத்தை நீக்கிவிட்டு எல்லா அறிக்கைகளையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இனி ஒவ்வொரு வருகையும் முடிந்த பதினைந்து நாளில், போனவர்கள் பெயர், உள்ளே நுழைந்த நேரம், வெளியேறிய நேரத்தோடு அறிக்கை வெளியாக வேண்டும். பழைய குழு கலைந்தது. கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் ஒருவர்கூட வருந்துகிறேன் என்று சொல்லவில்லை. ஒருவர் பத்திரிகையில் மறுப்பு எழுதினார். பொறுப்பாளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெண்ணின் மணிக்கட்டு பாதிதான் திரும்புகிறது; இனிமேலும் அப்படித்தான் என்றார் டாக்டர். கூடத்தில் வக்கீல் விட்ட வார்த்தை எப்படியோ தெருவுக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் எக்ஸ்ரே படம் பார்க்கக் கேட்டாள், தங்கை காட்டினாள்.

புதுக் குழுவின் முதல் அறிக்கை ஒரு மழை நாளில் வெளியானது. பழைய இரண்டு பக்கம் இப்போது பதினொன்று. ஒற்றக்கா அலுவலகத்தில் நகல் வாங்கிவந்து, துணி மடித்துக்கொண்டிருந்த தங்கைக்குப் படித்துக் காட்டினாள். பெண்ணும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இல்லத்தில் முப்பத்தேழு பேர். இரண்டு கழிவறைக்குக் கதவில்லை. துவைக்குமிடத்துப் படியில் பாசி. உடனே தேய்க்கச் சொல்லப்பட்டது. ஒரு சிறுமிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

தங்கையின் கை நின்றது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாமா?"

"இரு... போட்டிருக்கு. அன்னைக்கு மதியமே."

"வயசு போட்டிருக்கா? பன்னெண்டா?" என்றாள் பெண்.

"வயசை அடிச்சிருக்காங்க. அடிக்கணும்னு நாமதானே கேட்டோம்."

பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒற்றக்கா அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஒட்டின உறை ஒன்றை எடுத்தாள். ஆற்றின் மறுகரையில் பையன்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு குழு உண்டு. அதன் அறிக்கைகளையும் வாசல் பதிவேட்டையும் சேர்த்தே இந்தத் தடவை கேட்டிருந்தாள்.

தங்கை உறையின் முகவரியைப் படித்தாள். எழுந்து குடையை எடுத்தாள்.

"கொடு. தபாலாபீஸ் நான் கடைக்குப் போற வழியிலதான் இருக்கு. பதிவுத்தபால்தானே? ரசீதைப் பத்திரமா வாங்கிட்டு வரேன்."